ஒன்பதாம் நம்பர் மட்டை

கோல்ஃப் ஆட வருகிறவர்களில் பாதிப் பேருக்கு மட்டையைத் தேர்ந்தெடுக்கத் தெரியாது. மீதிப் பேருக்கு, தெரியாது என்பதும் தெரியாது. அவர்கள் பையைத் தூக்கிக்கொண்டு, மட்டையை எடுத்துக் கொடுத்துத்தான் முப்பத்தோரு வருடம் நான் சோறு தின்றேன்.

இன்ஸ்பெக்டர் ஐயா, நடந்ததைத் தமிழிலேயே எழுதலாம் என்றீர்கள். நன்றி. முதலில் மட்டை விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். அது புரியாமல் விநாயக் சார் எப்படிச் செத்தார் என்பது புரியாது.

இரும்பு மட்டைகளுக்கு அடியில் எண் போட்டிருக்கும். எண் சிறியதானால் பந்து தாழ்வாக, தூரமாகப் போகும். எண் பெரியதானால் உயரமாக எழும்பிக் கிட்டத்திலேயே விழும். ஆறாம் நம்பருக்கு நூற்றைம்பது கெஜம், ஒன்பதாம் நம்பருக்கு நூற்றிருபது. கடவுள் மனிதர்களையும் இப்படி எண் போட்டு அனுப்பியிருந்தால் உங்கள் ஸ்டேஷனில் வேலை பாதியாகக் குறைந்திருக்கும்.

பந்து விழும் இடத்தைப் பார்க்க முன்னால் ஓர் ஆள் நிற்பான். நான் மட்டையைக் கொடுத்ததும் தோள் துண்டை வீசுவேன். ஒரு வீச்சு என்றால் கிட்டப் பந்து, முன்னே வா. இரண்டு வீச்சு என்றால் தூரப் பந்து, பின்னே போ. என் அப்பா இங்கே தங்கச் சுரங்கத்தில் ஆட்களை இறக்கும் கூண்டுக்கு மணியடித்தவர். அவர் மணியை நம்பி ஆட்கள் பாதாளத்துக்கு இறங்கினார்கள். என் துண்டை நம்பி என் மகன் டென்சில் நின்றான்.

டென்சிலுக்கு முப்பது வயது. வாரத்தில் ஆறு நாள் இங்கே ஊரிகம் ஸ்டேஷனில் ரயிலேறி பெங்களூரு போய் வேலை பார்த்தான். ஞாயிறு மட்டும் என் முழங்காலுக்கு இரக்கப்பட்டு மைதானத்துக்கு வருவான். அந்த ஞாயிறு போகிற வழியில் சொன்னான்:

"அப்பா, அங்கயே வீடு பாத்துட்டேன். நீயும் அம்மாவும் வந்துருங்க. பை தூக்குனது போதும்."

"நான் அங்க வந்து இன்னாடா பண்றது? லிஃப்ட்ல ஏறி இறங்கினு இருக்கவா?"

"தாத்தா கூண்டுல ஏறி இறங்கல? நீ லிஃப்ட்ல ஏறு."

அன்று விநாயக் சாருக்குப் பை தூக்கினேன். நாலாவது குழியில் அவர் ஒன்பது கேட்டார். பையில் கையை விட்டேன். மனம் டென்சில் சொன்ன வீட்டிலேயே இருந்தது. அதனால் என்ன, என் கை பார்க்காமலே எடுக்கும். எடுத்துக் கொடுத்தேன். துண்டை ஒருமுறை வீசினேன். டென்சில் முன்னே வந்து நின்றான். பந்து எழும்பவில்லை. தாழ்வாகப் பறந்து அவன் நெற்றிப் பொட்டில் பட்டது.

விநாயக் சார் படித்தவர் அல்லவா, அவன் விழுந்த இடத்துக்குப் போய்ச் சேரும் முன்பே காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டார். "நான் நைன் கேட்டேன். டைட்டஸ் சிக்ஸ் கொடுத்துட்டாரு." ஒன்பதாம் நம்பரிலும் பந்தின் தலையில் இடித்தால் தாழ்வாகத்தான் போகும். அப்படி இடிப்பதில் அவருக்கு நிகரில்லை. இருந்தாலும் கிளப் கமிட்டி அவரைத்தான் நம்பியது. பை தூக்குபவரின் கவனக்குறைவு என்று எழுதி வைத்து, என்னை வேலையை விட்டு நிறுத்தியது. அந்த மட்டை எங்கே என்று கேட்டார்கள். தெரியாது என்றேன். பையில் எந்த எண் குறைகிறது என்று யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. ஆஸ்பத்திரி வரைக்கும் அது என் கையிலேயே வந்துவிட்டது. அன்று வீசிய அதே துண்டில் சுற்றிக் கட்டிலுக்கு அடியில் வைத்திருந்தேன்.

என் மனைவி லவினா ஒரு நாள் கேட்டாள்: "ஒரு வாட்டி பிரிச்சு நம்பரப் பாருங்களேன். பாத்துட்டா மனசு அடங்கும்."

"எனக்குத் தெரியாத நம்பரா?"

"தெரிஞ்சா பாக்கறதுக்கு இன்னா பயம்?"

துக்கத்தில் பெண்கள் இப்படித்தான் பேசுவார்கள். நான் பெரிதுபடுத்தவில்லை.

விநாயக் சார் இரண்டு வாரம் முழுதாகத் துக்கம் காத்தார். பிறகு புதுப் பை, புது மட்டைகள். பழையவை ராசியில்லையாம். மூன்று மாதம் கழித்து என்னைத் திரும்ப வேலைக்கு எடுக்கச் சொன்னவரும் அவர்தான். முதல் நாள் என் தோளில் கை வைத்தார்.

"டைட்டஸ், நான் உங்கள மன்னிச்சிட்டேன். எல்லாத்தயும் மறந்துருங்க."

அவ்வளவு பெரிய மனம். அதை நான் சும்மா வாங்கிக்கொள்ள முடியுமா? நான் தவறான மட்டை கொடுப்பேன் என்று நாலு பேர் முன்னால் சொன்னவர். பெரிய மனிதர் வாக்கு பொய்யாகக் கூடாது என்று தோன்றியது. மழைக்காலம் வரைக்கும் பொறுத்திருந்தேன்.

ஏழாவது குழிக்குப் பின்னால் கம்பிவேலி. அதற்குள் ஒரு பழைய சுரங்க வாய். எப்போதோ பலகை போட்டு மண் கொட்டி மூடியது, மேலே புல் முளைத்திருக்கும். மழை பெய்தால் அடியில் மண் கரையும். ஆடு உள்ளே போனால் இந்த ஊர்க்காரன் ஆட்டை மறந்துவிடுவான். விநாயக் சார் பெங்களூருக்காரர்.

இரண்டு நாள் மழை விட்டிருந்தது.

"இன்னும் நூத்திருபது இருக்குமா டைட்டஸ்?"

"இருக்கும் சார்."

ஒன்பது கேட்டார். ஆறைக் கொடுத்தேன். அவர் எண்ணைப் பார்க்கவில்லை, யாரும் பார்ப்பதில்லை. தன் வாழ்நாளிலேயே மிக அழகாக அன்றுதான் அடித்தார். நான் பாராட்டவும் செய்தேன். பந்து குழியைத் தாண்டி வேலிக்குள் விழுந்தது.

"சே. உள்ள போலாமா? சேஃபா?"

"நாங்க தினம் போற வழிதான் சார். அதோ, வெள்ளையா தெரியுது பாருங்க. எனக்குத்தான் முட்டி மடங்காது."

மட்டையை என்னிடம் கொடுத்தார். குனிந்து போக வசதியாகக் கம்பியைத் தூக்கிப் பிடித்தேன். நான்காவது அடியில் நிலம் அவரை வாங்கிக்கொண்டது. உள்ளேயிருந்து இரண்டு முறை என் பெயரைச் சொன்னார். முதல் முறை கோபமாக. அப்புறம் தண்ணீர்ச் சத்தம். நான் மட்டையைத் துடைத்துப் பையில் வைத்தேன். ஈரத்தோடு வைத்தால் துருப்பிடிக்கும். பிறகு ஆட்களிடம் சொல்ல நடந்து வந்தேன். முழங்காலோடு ஓட முடியாது.

நீங்கள் விபத்து என்று முடித்துவிட்டீர்கள். நானாக வந்து உங்கள் மேசை முன்னால் உட்கார்ந்ததற்குக் காரணம் மனசாட்சி இல்லை ஐயா. கமிட்டி எழுதி வைத்தது அப்படியே நிற்கக் கூடாது. முப்பத்தோரு வருடத்தில் நான் கொடுத்த தவறான மட்டை ஒன்றே ஒன்று. அதைத் தெரிந்தே கொடுத்தேன். என் மகன் செத்த அன்று கொடுத்தது சரியான மட்டை.

கட்டிலுக்கு அடியிலிருந்து உங்கள் ஏட்டு எடுத்துவந்த துண்டு மூட்டை உங்கள் மேசை மேல்தான் இருக்கிறது. அவர் முடிச்சில் கை வைத்தபோது நான் எழுந்து தடுத்துவிட்டேன். மன்னிக்கவும். ஒன்பது என்று எழுதிக்கொள்ளுங்கள் ஐயா. பிரிக்க வேண்டாம்.