ஹெல்சிங்கோரில் இறங்கியவர்

சூசை: ஒன்பதரை ரெயினிலை போகட்டுமே, அக்கா. நேரத்தோடை போனால் நேரத்தோடை திரும்பலாம்.

லூர்து: ஞாயிற்றுக்கிழமை ஒன்பதரைக்கோ? பூசையை விட்டிட்டு அண்ணை ஊர் சுத்தப் போனார் எண்டு தெரிஞ்சால் அம்மா கிழிச்சுத் தோரணம் கட்டிப்போடுவா.

சூசை: அப்ப சனிக்கிழமை.

லூர்து: சனிக்கிழமை அவருக்கு வேலையெண்டு போன கடிதத்திலைதானே எழுதினது? கோப்பை கழுவுறவருக்குச் சனிக்கிழமை ஆரடா லீவு குடுக்கிறது?

சூசை: சரி, சரி... பூசை முடிச்சு பதினொண்டு பத்துக்குக் கொப்பன்ஹேகன் பெரிய ஸ்டேசனிலை ஏறுறார். ரொஸ்கில்டவுக்கு அரை மணித்தியாலம் வராது.

லூர்து: எந்தப் பக்கத்து யன்னல்?

சூசை: அதெல்லாம் ஆர் கேக்கப்போயினம்?

லூர்து: அம்மா கேப்பா. வெயில் முகத்திலை அடிச்சதோ, பக்கத்திலை ஆர் இருந்தது, பாண் கொண்டு போனவரோ, எல்லாம் கேப்பா. அண்ணையின்ரை சிநேகிதர் அம்பலவாணன் அண்ணை அங்கையிருந்து அனுப்பின புத்தகத்தைப் பார்.

சூசை: ‘கொப்பன்ஹேகனிலிருந்து ஒரு நாள் பயணங்கள்’... பக்கம் பன்ரெண்டு... யன்னலைப் பற்றி ஒண்டுமில்லை. இடப்பக்கம் எண்டு போடுறன். அங்கை ஒரு பெரிய செங்கல்லுக் கோயில். உள்ளுக்கை டென்மார்க் ராசாக்கள் முழுப்பேரையும் தாட்டிருக்காம்.

லூர்து: சவக்காலைக்கோ அனுப்புறாய் அவரை?

சூசை: கோயில் அக்கா...

லூர்து: வேண்டாம். வேறை இடம் பார்.

சூசை: அப்ப ஹில்லெரொட். குளத்துக்கு நடுவிலை அரண்மனை. வள்ளத்திலை சுத்திப் பாக்கலாம்.

லூர்து: ஐப்பசி கடைசியிலை வள்ளமோ? நீ அவரைத் தை மாசம் கடலிலை குளிக்க விட்டனீ. அது ஒண்டு காணும்.

சூசை: எனக்கென்ன தெரியும்? மன்னாரிலை தை மாசம் குளிக்கிறேல்லையே?

லூர்து: அம்மா மூண்டு பக்கம் ஏசி எழுதினா. மடு அகதி முகாமிலை கடதாசிக்கு அந்தரப்படுகிற சனத்துக்கை இருந்து மூண்டு பக்கம்! ‘சளி பிடிச்சால் உனக்கு ஆர் அங்கை கொத்தமல்லி அவிச்சுத் தாறது?’ எண்டு.

சூசை: வாசிச்சுப்போட்டு நாங்கள் ரெண்டு பேரும் சிரிச்சனாங்கள்.

லூர்து: நீ சிரிச்சனீ.

சூசை: ...சரி. ஹில்லெரொட்டிலை கரையிலை நிண்டு பாக்கிறார். வள்ளம் ஏறேல்லை. கம்பளிச் சட்டை போட்டிருக்கிறார். வயசு எத்தினை எழுத? கார்த்திகையிலை பிறந்தநாள் வருது.

லூர்து: முப்பத்தாறு.

சூசை: முப்பத்திநாலிலை நிண்டவரை...

லூர்து: அவர் நிண்டபடிதான் நிக்கிறார். அம்மா விரல் மடிச்சு எண்ணுவாவெல்லே. முப்பத்தாறு எண்டு எழுது.

சூசை: அக்கா... ஒண்டு சொல்லட்டே? சிரிக்கக் கூடாது.

லூர்து: சொல்லு. அதுக்கு முதல் லைற்றைப் போடு. குளிர்காலம் எண்டு மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னுக்குத் தள்ளினாலும் தள்ளினாங்கள், பின்னேரத் தேத்தண்ணி குடிக்க முதலே இருட்டுது.

சூசை: வெள்ளிக்கிழமை வேலையிலை ஷிப்ட் பேப்பரிலை கையெழுத்து வைச்சனான். மனேச்சர் கூப்பிட்டு, இது ஆரடா எண்டு கேக்கிறான். பாத்தால்... அண்ணையின்ரை பேரை, யாக்கோப்பு எண்டு வைச்சிருக்கிறன். அவரின்ரை அந்தச் சாய்ஞ்ச எழுத்து. கீழை ஒரு கோடு இழுப்பாரே, அதுவும் கிடக்கு.

லூர்து: ஒன்றரை வருசமா அவரின்ரை எழுத்திலை கடிதம் எழுதுறாய். கை பழகிப்போச்சு.

சூசை: கை பழகினது எண்டால் பரவாயில்லை. பிழையை வெட்டிப்போட்டு என்ரை பேரை எழுதப் போனன். என்ரை எழுத்து எப்பிடியெண்டு யோசிக்க வேண்டியதாப் போச்சு... வரேல்லை அக்கா. சூசைதாசன் எண்டு அவரின்ரை எழுத்திலைதான் வந்துது.

லூர்து: காணும். அந்தப் பேனையை வை.

சூசை: ஏன்? கடிதம் முடியேல்லை.

லூர்து: வையடா கீழை. என்ரை கையிலை என்ன இருக்கெண்டு பார்.

சூசை: கவர்... காலமை பூசை முடிய வாசலிலை பங்குச் சுவாமி குடுத்த கவரோ?

லூர்து: ஓம். மரிச்ச ஆத்துமாக்களின்ரை நாளுக்குப் பேர் எழுதிக் குடுக்கிற கவர்.

சூசை: வருசா வருசம் அப்பாவின்ரை பேரை எழுதுறம். எழுதிக் குடன்.

லூர்து: இந்த முறை அண்ணையின்ரை பேரும் போகுது.

சூசை: உனக்கென்ன விசரே? பீடத்திலை நிண்டு உரத்து வாசிப்பினம்! பின் வாங்கிலிலை மன்னார்ச் சனம் நாலு குடும்பம் இருக்கு. வெம்பிளியிலை வாசிச்சால் ரெண்டு கிழமையிலை மடுவிலை கேக்கும். பிறகு அம்மா...?

லூர்து: அம்மா தாங்கமாட்டா எண்டு அண்டைக்கும் நீதான் சொன்னனீ.

சூசை: நீயும்தான் சொன்னனீ! முகாமிலை கிடக்கிற மனிசிக்கு மூத்த மகன் செத்துப்போனான் எண்டு எப்பிடி எழுதுறதெண்டு நீதானே அழுதனீ!

லூர்து: ஓம், அழுதனான். ஆனால் இப்ப ஒன்றரை வருசம். அவருக்கு ஒரு பூசையில்லை. ஒரு செபமாலை இல்லை. மோட்சம் போக முதல் உத்தரிக்கிற ஸ்தலத்திலை கிடக்கிறவருக்கு நாங்கள் என்ன செய்யிறம்? அரண்மனையும் குளமும் காட்டிக்கொண்டு திரியிறம்.

சூசை: அப்பிடிக் கதையாதை.

லூர்து: வேறை எப்பிடிக் கதைக்கிறது? அடக்கத்துக்கும் போகேல்லை. அகதிக் கேஸ் முடியாமல் லண்டனை விட்டு வெளிக்கிட ஏலாது எண்டு நிண்டிட்டம். அந்த ஊரை நானும் காணேல்லை, நீயும் காணேல்லை. ரெயின் நேரம் மட்டும் பாடம்.

சூசை: அக்கா, பொறு. பேரை எழுதுறதுக்கு முதல் இதைக் கேள். நேற்று ஒரு ஆள் கொழும்பிலையிருந்து வந்தவர். அம்மாவின்ரை கடிதம் கொண்டந்தவர். அண்ணைக்கு அனுப்பிவிடச் சொல்லி.

லூர்து: ...நேற்றோ?

சூசை: ஓம். நீ நித்திரை. வாசிக்கிறன், கேள். வழமைபோலை கொட்டிலுக்குப் பக்கத்துப் பிள்ளைதான் எழுதிக் குடுத்திருக்கு. ‘என்ரை மகன் யாக்கோப்புக்கு அம்மா எழுதிறது. நான் சுகம். மழை தொடங்கியிட்டுது. கொட்டில் ஒழுகுது, ஆனால் பாய் நனையேல்லை...’

லூர்து: ம்.

சூசை: ‘நீ ஹெல்சிங்கோருக்குப் போன கடிதத்தை நாலு தரம் வாசிக்கச் சொல்லிக் கேட்டன். கோட்டைக்குப் பின்னாலை நிண்டு பாத்தால் கடலுக்கு அங்காலை மற்ற நாடு தெரியுது எண்டு எழுதினாய். எங்கடை தலைமன்னார்க் கரை மாதிரி எண்டு நினைச்சன்...’

லூர்து: நிப்பாட்டு.

சூசை: என்ன?

லூர்து: திரும்பி வாசி. எந்தக் கடிதம்?

சூசை: ஹெல்சிங்கோர்க் கடிதம். மூண்டு கிழமைக்கு முதல் நீ சொல்லச் சொல்ல நான் எழுதினனே.

லூர்து: மிச்சத்தையும் வாசி.

சூசை: ‘ஆனால் எனக்குக் கோட்டையும் வேண்டாம், கடலும் வேண்டாம் ராசா. அந்த ரெயினிலை வழி நெடுக நித்திரையாய்க் கிடக்காமல், கண் முழிச்சு, ஸ்டேசன் வர இறங்கினாயே... அது காணும் எனக்கு. அந்த ரெயினை நினைச்சுத்தான் எனக்கு ஒவ்வொரு நாளும் பயமாயிருந்தது...’

லூர்து: சூசை.

சூசை: ...ஓம்.

லூர்து: அண்ணை ரெயினிலை செத்தது அம்மாவுக்கு ஆர் சொன்னது?

சூசை: ஒருத்தரும் சொல்லேல்லை.

லூர்து: வந்து எட்டு மாசத்திலை முதல் லீவு. அம்மாவுக்கு ஒரு இடம் பாத்து எழுதுறன் எண்டுதான் வெளிக்கிட்டவர். யன்னலோடை இருந்தவர் இருந்தபடி போயிட்டார். ரெயின் ஹெல்சிங்கோருக்குப் போய்த் திரும்பி, பிறகும் போய்த் திரும்பி... மூண்டு தரம். நித்திரையாக்கும் எண்டு ஆக்கள் எழுப்பேல்லையாம். இது தெரிஞ்சது நீ, நான், அம்பலவாணன் அண்ணை. அம்மாவுக்கு எப்பிடித் தெரியும்?

சூசை: தாயெல்லே அக்கா... கனவிலை கண்டிருப்பா.

லூர்து: கனவிலை கடிதமும் வாசிச்சவவோ?

சூசை: என்ன சொல்லுறாய்?

லூர்து: அண்டைக்கு அந்தக் கடிதத்தை ஆர் போடுறன் எண்டு கொண்டு போனது?

சூசை: நீ. வேலைக்குப் போகேக்கை போடுறன் எண்டு சொன்னனீ. அம்பலவாணன் அண்ணைக்கு அனுப்பி, அங்கத்தை முத்திரை ஒட்டி...

லூர்து: நான் போடேல்லை. அலுமாரிக்குள்ளை, சீலைகளுக்குக் கீழை கிடக்கு. எழும்பிப் போய்ப் பார். கவர் கூட ஒட்டேல்லை.

சூசை: அப்ப... அப்ப அது எப்பிடி...

லூர்து: அதைத்தான் நானும் கேக்கிறன். போகாத கடிதத்துக்குப் பதில் வந்திருக்கு.

சூசை: அக்கா, ஒருவேளை... அண்ணையே எழுதியிருப்பாரோ? நாங்கள் எழுதி எழுதி... அவர் இறங்கி... அங்கையிருந்து...

லூர்து: செத்தவர் கடிதம் எழுதுவாரோ?

சூசை: எழுதுறாரே! ஒன்றரை வருசமா எழுதுறார்தானே!

லூர்து: சத்தம் போடாதை. மேல்மாடிச் சனம் இருக்கு. நீ எழுதேக்கை உனக்குத் தெரியுதோ, ஆர் எழுதுறதெண்டு?

சூசை: சில நேரம்... தெரியேல்லை. கடிதம் முடிஞ்சு பேனையை வைச்சால்தான் நான் நான் எண்டு தெரியும்.

லூர்து: அண்ணையின்ரை கடிதம் எழுதேக்கையோ? அம்மாவின்ரை கடிதம் எழுதேக்கையோ? கேக்கிறன். சொல்லு.

சூசை: ...அக்கா.

லூர்து: இந்தக் கடிதத்தை எந்தக் கையாலை எழுதினனீ?

சூசை: இடக் கையாலை.

லூர்து: அதுதான் அந்தப் பிள்ளையின்ரை எழுத்து ஆனிக்குப் பிறகு இப்பிடிக் கோணிப்போச்சு.

சூசை: ஆனியிலைதான் அம்மா போனா... மலேரியா. மூளைக்கு ஏறிட்டுதாம். நீ அப்ப ஒப்பரேசன் முடிஞ்சு ஆஸ்பத்திரியிலை கிடந்தனீ. சுகமாகி வரட்டும், சொல்லுவம் எண்டு இருந்தன். வந்த உடனை நீ கேட்டது, ‘அம்மா எழுதினவவோ?’ எண்டு. வாய் வரேல்லை அக்கா... ஒண்டே ஒண்டுதான், இந்த ஒண்டோடை நிப்பாட்டுவம் எண்டு எழுதினன்.

லூர்து: அஞ்சு எழுதிட்டாய்.

சூசை: என்னை ஏசு. அடி. அந்தக் கவரிலை அம்மாவின்ரை பேரையும் எழுது. நான் தடுக்கேல்லை.

லூர்து: கவரைத் திறந்து பார்.

சூசை: ...ஒட்டிக் கிடக்கே.

லூர்து: கிழி. வேறை கவர் வாங்கலாம்.

சூசை: அப்பாவின்ரை பேர்... கீழை யாக்கோப்பு... அதுக்குக் கீழை... அஞ்சலீனா. அம்மாவின்ரை பேர். எப்ப எழுதினனீ இதை?

லூர்து: பூசை முடிஞ்ச உடனை. கோயில் வாங்கிலிலை இருந்து. நாளைக்குக் கொண்டே குடுக்கிறன். மூண்டு பேரையும் உரத்து வாசிக்கட்டும்.

சூசை: அப்ப உனக்கு... எப்ப தெரியும்?

லூர்து: ஆவணியிலை. ஈஸ்ற் ஹாமிலை ஒரு ஞானஸ்நான வீடு. எங்கடை ஊர் மெற்றில்டாக்கா வாசலிலையே கட்டிப்பிடிச்சு அழுதா. ‘அம்மாவும் போயிட்டாவே பிள்ளை’ எண்டு. நான் கேக் துண்டை வாங்கிச் சாப்பிட்டிட்டு வந்தன்.

சூசை: ஆவணிக்குப் பிறகும் மூண்டு கடிதம் சொல்லித் தந்தாயே... யன்னல் எந்தப் பக்கமெண்டு சண்டை பிடிச்சாய்... இண்டைக்கும் ரெயினுக்கு நேரம் பாத்தாய். வாசிக்க அங்கை ஒருத்தரும் இல்லையெண்டு தெரிஞ்சுகொண்டு... ஆருக்கு அக்கா எழுதினனீ?

லூர்து: உனக்குத்தான்ரா. நான் அண்ணையா எழுதினால்தானே, நீ அம்மாவாப் பதில் போடுவாய்.