ஒரு டிஸ்சார்ஜும் அதன் பல பொருள்களும்

மருத்துவமனையின் மொழிபெயர்ப்பு அறையில் முப்பத்தோராண்டுகள் மருத்துவர் எழுத்தையும் மனிதர் மனத்தையும் ஒருசேரப் படித்த மாண்பினரே, சொல்லின் வேர்வரை சென்றும் சோர்வறியாச் சுடர்மதியீரே, எங்கள் அகராதியம்மாவே, வணக்கம்.

உங்கள் சிறப்புகளை அடுக்கத் தொடங்கினால் நடுவிலேயே எழுந்து பிழை திருத்துவீர்கள் என்பது எங்களுக்குத் தெரியும். ஆகவே பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன் நடந்த ஒன்றை மட்டும் இந்தப் பிரிவுபசார அவைக்குச் சொல்கிறோம்.

அன்று காலை அகராதியம்மா அவசரமாக மாடிப்படி இறங்கிக்கொண்டிருந்தார். அச்சக இயந்திரத்தில் கை நசுங்கிப் படுத்திருந்த தொழிலாளியின் மனைவி, ஆங்கிலத்தில் வந்த ஒரு தாளை நீட்டினார். வெள்ளிக்கிழமை முதல் டிஸ்சார்ஜ் என்ற வரி மட்டும் அம்மாவின் கண்ணில் பட்டது. "வீட்டுக்கு அனுப்புறாங்கம்மா, சந்தோஷமா போங்க" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

அம்மாவின் மேசைமேல் அதே நோயாளியின் மருத்துவக் குறிப்பு மொழிபெயர்ப்புக்குக் காத்திருந்தது. அதிலும் அதே வினைச்சொல். ஆனால் காயத்தில் இன்னும் சீழ் வடிகிறது என்ற பொருளில். அப்படிப்பட்டவரை எப்படி வீட்டுக்கு அனுப்புவார்கள்? அம்மா மாடிக்கு ஓடினார். தாளை வாங்கி முழுதாகப் பார்த்தார். தலைப்பில் இருந்தது அச்சகத்தின் பெயர். அது வேலைநீக்கக் கடிதம்.

அந்தப் பெண் அதற்குள் பக்கத்துக் கட்டில்களுக்கெல்லாம் செய்தி சொல்லி, துணிகளை மூட்டை கட்டியிருந்தார்.

"நான் தப்பா சொல்லிட்டேன்மா. இது வேலையை விட்டு நிறுத்துற கடிதம். அரைகுறையா பார்த்தது என் தப்புதான்."

அந்தப் பெண் மூட்டையை மெல்ல அவிழ்த்தார். கணவர்தான், "ஒரே வார்த்தைக்கு எத்தனை அர்த்தம்மா இருக்கு?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வி அம்மாவை விடவில்லை. அகராதிகளைப் புரட்டினார். லத்தீனில் வண்டியைக் குறித்த சொல்லில் கிளைத்து, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த வினை அது. ஏற்றிய சுமையை இறக்குவதே முதற்பொருள். பிறகு துப்பாக்கி சுடுவதும், புண் வடிவதும், கைதி விடுதலையாவதும், வேலைக்காரர் நீக்கப்படுவதும் அந்த ஒரே சொல்லுக்குள் குடிபுகுந்தன. கடைசியாக ஒரு பொருளில் அம்மாவின் விரல் நின்றது: கடமையை நிறைவேற்றுதல்.

மறுநாள் பணி ஒப்பந்தத்தைக் கொண்டுவரச் சொன்னார். ஏழாம் பக்கத்தில் அந்த வினை இரண்டு முறை இருந்தது. பணியிடத்தில் காயமுற்றவர் குணமாகும்வரை பார்த்துக்கொள்ளும் கடமையை நிறைவேற்றும் முன்னர் அவரை நீக்கலாகாது. நிறைவேற்றவும் நீக்கவும் ஆங்கிலத்தில் ஒரே சொல். அம்மா அச்சகத்துக்கு நான்கு வரியில் கடிதம் எழுதிக்கொடுத்தார்.

அச்சக மேலாளர் தொலைபேசியில் கூப்பிட்டு, "நீங்க வக்கீலா?" என்றார்.

"இல்லைங்க, மொழிபெயர்க்கிறவ. உங்க ஒப்பந்தத்துல அந்த வார்த்தை ரெண்டு தடவை வருது. முதல்ல வர்றதைச் செஞ்சுட்டு ரெண்டாவதுக்கு வாங்க."

மூன்றாம் நாள் வேலைநீக்கம் ரத்தானது.

ஐந்து வாரம் கழித்து அந்தப் பெண் வேறொரு தாளுடன் வந்தார். "இதுலயும் அந்த வார்த்தைதானாம்" என்றார். அம்மா அவரை உட்காரவைத்து, தலைப்பு முதல் கையெழுத்து வரை வரிவரியாகப் படித்தார். பிறகுதான் நிமிர்ந்தார்.

"இது நிஜமாவே வீட்டுக்குத்தான்மா."

அறிவுக்கு அணியாகவும் பிழையை ஒப்புக்கொள்ளும் பெருந்தன்மைக்கு உருவாகவும் எங்களோடு வாழ்ந்த அம்மையீர்! நோயின்றி நெடுநாள், நினைத்த நூலெல்லாம் படித்து நிறைவாக வாழுங்கள். இந்தக் கட்டடத்துக்குள் இனி நீங்கள் வருவதென்றால், அது எங்களைப் பார்க்க மட்டுமே இருக்கட்டும்.

என்றும் உங்கள் அன்பிற்குரிய,
மொழிபெயர்ப்புப் பிரிவினரும் மாடிப் பிரிவுச் செவிலியரும்