மெதுவாகக் கேட்கும் மீட்டர்

எந்த மீட்டரை முதலில் கையில் எடுத்தேன் என்பது எனக்குச் சரியாக நினைவில்லை. இந்த விசாரணையில் நீங்களும் அதையே திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். யோசித்துச் சொல்கிறேன் ஐயா.

சலவைக்கூடத்தில் மின்வேலை பார்க்கும் என்னிடம் இரண்டு கருவிகள் உண்டு. சட்டைப்பையில் மல்டிமீட்டர், அலமாரியில் பெரிய டப்பா மாதிரி, கைப்பிடி சுற்றும் மெக்கர். இரண்டும் அளப்பது மின்தடையைத்தான். மல்டிமீட்டர் சின்ன பேட்டரியை வைத்துக்கொண்டு மெதுவாகக் கேட்கும். மெக்கர் ஐந்நூறு வோல்ட்டில் அதட்டிக் கேட்கும். ஈரம் ஏறிய மோட்டாரை மெதுவாகக் கேட்டால் தனக்கு ஒன்றுமில்லை என்றே சொல்லும். அதட்டினால்தான் கசிவை ஒப்புக்கொள்ளும். இது எங்கள் வேலையில் எல்லாருக்கும் தெரியும்.

வாசலோரத்துச் சலவை மெஷினில் வேலை பார்த்தவர் என் தங்கையின் கணவர். அவருக்கு வேறு ஊரில் நல்ல வேலை கிடைத்திருந்தது. தங்கையும் கூடப் போவதாக இருந்தாள். அம்மா போனபின் அவளை வளர்த்தவன் நான். கல்யாணத்துக்குப் பிறகும் சாயங்காலச் சாப்பாடு எனக்கு அவள் கையால்தான்.

“சந்தோஷமா இருக்கியாம்மா?” என்று மெதுவாகத்தான் கேட்டேன்.

“எனக்கென்னண்ணே குறை,” என்றாள்.

அந்தப் பதிலை நான் நம்பவில்லை.

ஒருநாள் வேலை முடியும் நேரத்தில் அவர் என்னிடம் வந்தார். “மச்சான், மெஷினைத் தொட்டா சுருக்குன்னுது.”

“தூங்கிக்கிட்டே துவைச்சா அப்படித்தான் மாப்ளே.”

“இல்ல மச்சான். உங்க தங்கச்சி கோவம் வந்தா கிள்ளுவாளே, அந்த மாதிரி.”

துணி மடித்துக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

மறுநாள் காலை எல்லார் முன்னாலும் மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தேன். கசிவு எதுவும் காட்டவில்லை. திரையை அவரிடமே நீட்டினேன்.

“அந்தப் பெரிய டப்பாவாலயும் ஒரு தடவ பாத்துடுங்களேன்,” என்றார்.

“ஏன், என்மேல நம்பிக்கை இல்லையா?”

“உங்கள நம்பாம வேற யார நம்புறது மச்சான்.”

செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு ஈரத்தரையில் இறங்கினார். மெஷின் ஓடத் தொடங்கியது. நான் கையிலிருந்த மீட்டரையே பார்த்துக்கொண்டு நின்றேன். அது பொய் சொல்லவில்லை. கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னது, அவ்வளவுதான். இப்போது அதைச் சட்டைப்பையில் வைப்பதில்லை. நெஞ்சில் படுகிறது.

நினைவு வந்துவிட்டது ஐயா. முதலில் எடுத்தது மெக்கரை. அன்று மற்றவர்கள் வருவதற்கு முன்பே போய்க் கைப்பிடியைச் சுற்றினேன். முள் பூஜ்யத்தில் போய்ப் படுத்துக்கொண்டது; தடையே இல்லை, முழுக் கசிவு. மெஷினின் எர்த் வயர் துருப்பிடித்து விட்டுப்போயிருந்தது. அதைப் பார்க்க மீட்டர் வேண்டாம், கண்ணே போதும். பார்த்தேன். பிறகு மெக்கரை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு, அவர் வருவதற்காகக் காத்திருந்தேன்.

அவர் அங்கேயே இறந்துபோனார். மோட்டாரை மாற்றிவிட்டார்கள், மெஷின் ஓடுகிறது. தங்கை என் வீட்டுக்கு வந்துவிட்டாள். எந்த ஸ்விட்சையும் தொடமாட்டாள், நான்தான் போட்டுவிடுகிறேன். இங்கே வரும் முன் அவளிடம் மெதுவாகக் கேட்டேன். “எனக்கு ஒண்ணுமில்லண்ணே,” என்றாள்.

நம்பினேன்.