மீன் லோடு

— கையெழுத்துப் போட மாட்டேன் சார்.

— ஏம்ப்பா காசிமாயா, ரெண்டே வரி. ‘ஓட்டுநரின் கவனக்குறைவால் கடல்பசு இறந்துவிட்டது.’ போட்டுட்டுப் போயேன்.

— போட்டா யாரு வேலை போகும், உங்க வேலையா? காலேஜ் லாரிச் சாவிய வாங்கிக்கிட்டு வெளிய தள்ளிருவாக.

— தப்பு பண்ணினது நீதானே. மண்டபத்துலேர்ந்து கிளம்பறச்சே தொட்டியில அரை அடி காலியா விட்டேனோல்லியோ? அது தலையத் தூக்கி மூச்சு விடறதுக்கு. மானாமதுரையில விளிம்பு வரைக்கும் ரொப்பிட்டே. மேல பலகை வேற. மூக்கை எங்கே நீட்டும்?

— நீங்க கிளப்புல இட்லி சாப்பிட்டுக்கிட்டு இருந்தீக. எட்டிப் பாத்தேன், தண்ணி கொறையா இருந்துச்சு. வெயில் ஏறுது, மீனாச்சே, பாவம்னு குழாய்ல ஓஸ் பைப்ப மாட்டி ரொப்புனேன். பாவம் பாத்தது குத்தமாப் போச்சு.

— மீனா? எட்டு வருஷமா அந்த ஜீவனோட மூச்சைத்தான் ஆராய்ச்சி பண்ணிண்டிருக்கேன். குட்டி போட்டுப் பால் குடுக்கறதுய்யா அது.

— அத எங்கிட்ட எப்பச் சொன்னீக? ராமநாதபுரம் செக்போஸ்ட்ல என்ன லோடுன்னு கேட்டாக. என் காதுபட மீனுன்னு சொன்னது யாரு?

— கடல்பசுன்னா ஆயிரம் கேள்வி கேப்பா. பர்மிட் இன்னும் வரலை. அதனால அப்படிச் சொன்னேன்.

— அவுகளுக்குச் சொன்ன பொய்யத்தான் நானும் நம்புனேன். நான் அலங்காநல்லூர்க்காரன் சார். மாட்டோட பொறந்து மாட்டோட வளந்தவன். அதுவும் மூச்சு விடும்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா மூக்கு முங்க ஊத்தியிருப்பேனா?

— செத்தது செத்தாச்சு. ஆராய்ச்சிக்குப் பணம் குடுக்கற டெல்லிக்காராளுக்கு நான் பதில் எழுதியாகணும்.

— பலகையத் தட்டுச்சே, அதையும் சேத்து எழுதுவீகளா?

— எது தட்டித்து?

— மறந்துட்டீகளா? மானாமதுரை தாண்டுனதும் பின்னாடி டம்மு டம்முன்னு சத்தம். ‘தட்டுது சார், நிப்பாட்டவா’ன்னு ரெண்டு தரம் கேட்டேன். ‘நீ ஓட்டுய்யா’ன்னுட்டு, வாச்சப் பாத்துப் பாத்து நோட்டுல எழுதுனீக.

— வாலை அடிச்சுக்கறதுன்னு நெனச்சேன். அதுவும் பதிவு பண்ண வேண்டிய விஷயம்தான்.

— இந்தா, அந்த நோட்டு. சீட்டுக்கு அடியில கெடந்துச்சு. எனக்கு இங்கிலீசு தெரியாது. திருப்புவனம் வாரதுக்கு முந்தியே சத்தம் நின்னு போச்சுல்ல, அப்ப என்ன எழுதுனீக? அத மட்டும் தமிழ்ல வாசிங்க. அதுக்கப்புறமும் எம்மேலதான் தப்புன்னா நான் போடுறேன் கையெழுத்து.

— வேண்டாம்ப்பா.

— வாசிங்க சார்.

— ‘எட்டு ஐம்பத்திரண்டு. தட்டுவது நின்றது. விலங்கு பயணத்துக்குப் பழகிவிட்டது.’