திரையின் அடியில் ஒரு வரி

என் மேசைக்குப் பக்கத்தில் ஒரு முக்காலி உண்டு, ஐயா. உட்கார்ந்தால் லேசாக ஆடும். அதில் யாராவது உட்கார்ந்திருந்த காலம்தான் நான் சந்தோஷமாக இருந்த காலம்.

மருத்துவமனையில் அறிக்கை தட்டச்சு செய்யும் அறை எங்களுடையது. டாக்டர்கள் பேசிப் பதிந்ததைக் கேட்டு அடிப்போம். கணினியில் அடிக்கிற எடிட்டர் மென்பொருளில் வேண்டிய கட்டளைகளை நாமே எழுதிச் சேர்க்கலாம். சேர்த்தவன் நான். எது என்ன செய்யும் என்று தெரியாமல் எல்லோரும் என்னிடம் வருவார்கள். "அண்ணே, கொஞ்சம் வாங்களேன், மாட்டிக்கிட்டேன்." வீட்டில் என்னைக் கூப்பிட ஆளில்லை.

ஒவ்வொரு கட்டளைக்கும் உதவிக் குறிப்பு எழுதச் சொன்னார் மேலாளர். ஒரு விசையைத் தட்டினால் திரையின் அடியில் ஒரு வரி வரும். உயிரைக் கொடுத்து எழுதினேன். அதன்பின் ஒருவரும் வரவில்லை. முக்காலியில் என் சாப்பாட்டுப் பை உட்கார்ந்தது.

ஆகவே குறிப்புகளைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றினேன். குழம்பினார்கள், ஓடி வந்தார்கள், சரிசெய்து கொடுத்தேன். யாருக்கும் நஷ்டமில்லை.

'மாதிரியை நிரப்பு' என்றொரு கட்டளை. அறிக்கையின் எல்லாக் கட்டங்களிலும் வழக்கமான பதிலைப் போட்டுவிடும். முன்பே அடித்திருந்தால் அதையும் அழித்துவிடும். குறிப்பில் இருந்த அந்த எச்சரிக்கையை எடுத்துவிட்டு, 'காலியான கட்டங்களை மட்டும் நிரப்பும்' என்று எழுதினேன்.

எங்கள் அறையில் ஒருத்தியைப் பூனை என்போம். வருவதும் தெரியாது, போவதும் தெரியாது. யாரையும் தொந்தரவு செய்யக்கூடாதென்று குறிப்பைப் படித்தே வேலை பார்ப்பாள். காலில் காயத்தோடு வந்த ஒரு பள்ளிப் பேருந்து ஓட்டுநருக்கு எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்பதைச் சரியாகத்தான் அடித்தாள். மீதிக் கட்டங்களுக்காக அந்தக் கட்டளையைக் கொடுத்தாள். 'ஒவ்வாமை: இல்லை' என்று ஆகிவிட்டது. அதே மருந்தை ஊசியில் போட்டார்கள். விடிவதற்குள் ஆள் போய்விட்டார்.

சேதி வந்ததும் முதல் வேலையாகக் குறிப்பைப் பழையபடி மாற்றினேன். இனி ஒருவரும் ஏமாறக் கூடாதல்லவா.

பூனை அன்றுதான் முதல்முறையாக என் முக்காலியில் வந்து உட்கார்ந்தாள். "அண்ணே, காலியா இருக்கிறத மட்டும்தான் நிரப்பும்னு போட்டிருந்துச்சு. என் கண்ணால படிச்சேன்."

விசையைத் தட்டிக் காட்டினேன். படித்தாள். மறுபடியும் படித்தாள்.

"அப்ப நான்தான் தப்பா படிச்சிருக்கேன்," என்றாள்.

தண்ணீர் கொடுத்தேன். அவள் அழுது முடிக்கும்வரை முக்காலி ஆடாமல் காலால் பிடித்துக்கொண்டேன்.

இப்போது அவள் குழந்தையின் மருந்து பாட்டிலைக்கூடத் தன் கண்ணை நம்பி எடுப்பதில்லையாம். புருஷனைப் படித்துச் சொல்லச் சொல்கிறாளாம். தவறு தன்னுடையதுதான் என்று நேற்று விசாரணையில் உங்களிடம் கையெழுத்தும் போட்டுவிட்டாள். எனக்கு மனசு கேட்கவில்லை, வந்துவிட்டேன். அந்த வரியை மாற்றியவன் நான்தான். எழுதிக்கொள்ளுங்கள்.

ஆனாலும் ஐயா, நான் நாலு மேசை தள்ளித்தான் இருந்தேன். அவள் ஒரு வார்த்தை என்னிடம் வந்து கேட்டிருக்கலாம்.