நான்காவது கையெழுத்து

அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் ஓய்வுபெற்ற நீதிபதி அவர்களே, எனக்கு வலப்புறம் வீற்றிருக்கும் பாதுகாப்பு அமைச்சர் அவர்களே, ஆன்றோர்களே, பெற்ற பிள்ளைகளைப் படைக்குக் கொடுத்த தாய்மார்களே, வணக்கம்.

அயல்நாட்டு அமைதிப் பணிக்கு நம் வீரர்கள் ஏன் இன்னும் புறப்படவில்லை என்று சென்ற வாரம் நாடாளுமன்றத்தில் கேட்டார்கள். "தாய்மார்களின் கண்ணீரை எண்ணித் தயங்குகிறோம்" என்றார் அமைச்சர். யாருடைய கண்ணீர்? என்னைக் கேட்டாரா? உங்களைக் கேட்டாரா? பின்வரிசையில் ஓர் அம்மா "இல்லை" என்கிறார். நன்றாகக் கேட்டது, தாயே.

என் மகன் படையில் கேப்டன். கண்ணிவெடி அகற்றுவது அவன் பணி. அந்த நாட்டில் படகுத்துறைக்குப் போகும் பாதை முழுவதும் கண்ணிவெடி. மருத்துவமனையோ அக்கரையில். பிரசவ வலியோடு வரும் பெண்கள் இக்கரையிலேயே கிடக்கிறார்கள். "வருகிறோம்" என்று நாம் வாக்களித்துப் பதினெட்டு மாதம்.

வீரர் புறப்படுமுன் குடும்பத்தார் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திட வேண்டும். அது ஆறு மாதம்தான் செல்லும். மூன்று முறை இட்டேன், மூன்றும் காலாவதி. ஒவ்வொரு முறையும் தலைக்கவசத்துக்கு அமைதிப்படையின் நிறமான நீலம் பூசுவார்கள்; உத்தரவு வராது; திரும்பப் பச்சை பூசுவார்கள். "இனிமே குண்டு பட்டா பெயின்ட்டே தாங்கிக்கும்மா" என்றான் மகன். நீங்கள் சிரிக்கிறீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நேற்று அமைச்சர் அலுவலகத்துக்குப் போனேன். செயலாளர் நாற்காலி போட்டார்.

"உங்களுக்கு ஒரே பையன். உங்களுக்காகத்தானேம்மா யோசிக்கிறோம்?"

"தம்பி, என் வீட்டுக்காரரும் இதே மாதிரி அமைதிப் பணிக்குத்தான் போனார். பெட்டியில வந்தார். அழுதேன். அவர் காவல் காத்த பள்ளிக்கூடம் இன்னைக்கும் நடக்குது. என் அழுகையை உங்க ஃபைல்ல சேர்க்காதீங்க."

"சார் மீட்டிங்ல இருக்காரும்மா."

எனக்கு அச்சம் இல்லையா? இருக்கிறது. தொலைபேசி ஒலித்தால் இன்றும் உட்கார்ந்துகொண்டுதான் எடுக்கிறேன். ஆனால் அது என் அச்சம். அதை இரவல் வாங்க இவர்கள் யார்? அனுப்ப மாட்டோம் என்றால் அதையாவது சொல்லுங்கள். வேறொரு நாடு போகும். வருகிறோம் என்றும் சொல்லி, வராமலும் இருந்து, பழியை மட்டும் என் முந்தானையில் முடியாதீர்கள்.

அமைச்சர் அவர்களே, இதோ நான்காவது படிவம். தாயின் கையெழுத்து இருக்கிறது, இன்றைய தேதியோடு. அதன் கீழே உத்தரவிடுபவருக்கான கட்டம் காலியாக இருக்கிறது. பேனாவும் கொண்டுவந்திருக்கிறேன். இந்தாருங்கள், இரண்டையும் வாங்கிக்கொள்ளுங்கள்.

இவ்வளவு நேரம் செவிகொடுத்த உங்கள் எல்லாருக்கும் என் நன்றியும் வணக்கமும். மன்னியுங்கள், நான் இன்னும் இறங்கவில்லை. பேனா திரும்பி வரட்டும்.