சுத்தமான கரண்டு

காபி ஆறிடப் போகுது, குடிங்க சேவியர். உங்க அக்கா மில்ட்ரெட்டோட வீட்டுக்காரர், நம்ம நார்மன், எங்க வீட்டு நாற்காலியில எப்படிப் போய்ச் சேர்ந்தார்னு கேக்கத்தானே வந்திருக்கீங்க? சொல்றேன். ஆனா முதல்ல கரண்டைப் பத்திச் சொல்லணும். ஜனங்க பாட்டுப் பெட்டியைத்தான் பார்த்துப் பார்த்து வாங்குவாங்க. அது சாப்பிடுற கரண்டு நல்லதா கெட்டதான்னு ஒருத்தரும் யோசிக்கிறதில்லை.

போன வருஷம், எண்பத்தெட்டுல, கப்பல்ல வேலை பார்க்கிற என் மச்சான் விச்சு ஜப்பான்லேருந்து ஒரு சி.டி. பிளேயர் கொண்டுவந்து கொடுத்தான். இந்தக் கோர்படி ஏரியாவிலயே முதல் சி.டி. பிளேயர் நம்ம கட்டடத்து நாலாவது மாடியிலதான், தெரியுமோ? அதுக்கு நூறு வோல்ட்டுதான் ஆகும். நம்ம ஊர்க் கரண்டை நேராக் கொடுத்தா கருகிடும். பிம்ப்ரியில ஒரு பட்டறையில சொல்லி டிரான்ஸ்ஃபார்மர் பண்ணி வாங்கினேன். அது பாட்டுக்கு அது தனியாச் சுருதி பிடிச்சது. "ஏன்னா, சளி பிடிச்ச கொசு மாதிரி இருக்கே"ன்னா என் ஆத்துக்காரி பட்டு. அதைத் தூக்கிப் போட்டுட்டு இன்னும் கனமா ஒண்ணு வாங்கினேன். ஃப்ரிட்ஜோட ஸ்டெபிலைசரைப் பிடுங்கி அதுக்கு முன்னாடி மாட்டினேன். அடுத்த வாரமே ஃப்ரிட்ஜ் படுத்துடுத்து, போகட்டும். கீழ தோட்டத்துல குழி வெட்டி, உப்பும் கரியும் போட்டு, தனியா எர்த் இழுத்தேன். தினம் காலையில அதுக்குத் தண்ணி விடுவேன். துளசிச் செடிக்கு விடறதா நினைச்சுண்டு எதிர்வீட்டு மராட்டிக்காரர் கும்பிடுவார்.

அப்புறம்தான் முதல் மாடியிலேருந்து நார்மனைக் கூப்பிட்டேன். சர்ச்சுல ஆர்கன் வாசிச்ச காது. அந்தக் காது ஒத்துண்டா ஊரே ஒத்துண்ட மாதிரி. கண்ணை மூடிண்டு முழுக்கக் கேட்டார். "அருமை மௌலி. ஆனா நடுவுல ஒரு டிக் வருதே, உங்களுக்குக் கேக்கலையா?"ன்னார்.

எனக்கு அதுவரைக்கும் கேக்கலை. அதுக்கப்புறம் அதைத் தவிர எதுவுமே கேக்கலை. சாப்பாடு இறங்கலை சார். சனிக்கிழமைதோறும் வருவார், கேப்பார், சிரிச்சுண்டே "வந்தது பாருங்க"ம்பார். அந்தச் சிரிப்பைப் பார்த்துட்டு ராத்திரி முழுக்க ஒயரைப் பிரிச்சுப் பிரிச்சு மாட்டுவேன்.

கடைசியில கண்டுபிடிச்சேன். பட்டுவை லிஃப்ட்ல மேலயும் கீழயும் போகச் சொல்லிட்டு உள்ள உட்கார்ந்து கேட்டேன். லிஃப்ட் கிளம்பறப்பெல்லாம் டிக். அந்த லிஃப்ட் வந்ததே என்னாலதான். நார்மனுக்கு ரெண்டு தடவை ஹார்ட் அட்டாக் வந்து, படியே ஏறக்கூடாதுன்னு டாக்டர் சொன்னப்போ, கட்டடத்துச் சொசைட்டி செக்ரட்டரியா நின்னு எல்லார்கிட்டயும் சண்டை போட்டு வாங்கினேன். அதை நீங்க மறக்கக் கூடாது.

மீட்டர் ரூம் சாவி என்கிட்டதானே. அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் லிஃப்ட் ஃப்யூஸை எடுத்துச் சட்டைப் பையில போட்டுண்டேன். கதவுல "லிஃப்ட் பந்த் ஆஹே", லிஃப்ட் ஓடாதுன்னு மராட்டியில போர்டு மாட்டினேன். அவர் மேல வந்தப்புறம் எடுத்திருக்கலாமேன்னு கேப்பீங்க. நியாயம்தான். ஆனா கரண்டு அப்படி எடுத்த எடுப்புல சுத்தமாகாது சேவியர். ஒரு மணி நேரமாவது அடங்கி நிக்கணும். தெரிஞ்சவாளுக்குத்தான் இது புரியும்.

இன்னிக்கு டிக் வராதுன்னு சொல்லியிருந்தேனே, அவர் படியேறியே வந்தார். ஒவ்வொரு மாடியிலயும் நின்னு மூச்சு வாங்கறது கேட்டது. நான் ஜன்னல் கதவையெல்லாம் சாத்திட்டேன், வெளிச் சத்தம் உள்ள வரப்படாதே.

உள்ள வந்து தொப்புன்னு உட்கார்ந்தார். சட்டையெல்லாம் வேர்வை. நான் வயலின் சி.டி.யைப் போட்டேன். நெஞ்சுல கையை வச்சுண்டார். நல்ல சங்கீதம்னா அப்படித்தானே வச்சுப்போம்? பட்டுதான் பதறினா. "ஏன்னா, அவருக்கு என்னமோ பண்றது! ஃப்யூஸைப் போடுங்கோ, கீழ இறக்கி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிண்டு போயிடலாம்"னு கையைப் பிடிச்சு இழுத்தா. இன்னும் கொஞ்சம்தான் பாக்கின்னேன். அந்த நேரம் பார்த்து லிஃப்டை ஓட்டினா டிக் வந்துடாதா? அத்தனை பாடும் எதுக்கு? அவ அழுதுண்டே படியில ஓடினா, உங்க அக்காவைக் கூட்டிண்டு வர.

அவா மேல வர்றதுக்குள்ள பாட்டு முடிஞ்சுடுத்து. சத்தியமாச் சொல்றேன், முதல்லேருந்து கடைசி வரைக்கும் ஒரு டிக் வரலை. "எப்படி நார்மன், சுத்தமா இருந்ததா?"ன்னு கேட்டேன்.

அவர் தலை மெதுவா முன்னால சாய்ஞ்சது. அக்காகிட்ட மறக்காமச் சொல்லுங்க சேவியர், அவர் ஒத்துண்டுதான் போனார்.